ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகம் பார்வையற்றவருக்கு ஏன் போதாது?

'இணைய நூலகங்களில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றனவே, பார்வையற்ற என் நண்பருக்கு அது போதாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அவற்றில் பல, பக்கங்களின் வெறும் படங்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் எழுத்தைத்தான் குரலாக்கும். படம் அதற்குக் காலிப் பக்கம் மாதிரி.

படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்க ஓசிஆர் எனும் எழுத்துணரி மென்பொருள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் டெசராக்ட், கூகுள் டிரைவ் இரண்டுக்குமே தமிழ் தெரியும். புது அச்சு என்றால் நன்றாகவே வரும். வம்பு பழைய அச்சில்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போட்டு நிற்கும். றா, னா வடிவங்களும் வேறு. அங்கே மென்பொருள் உளறும். கண்ணால் படிப்பவர் பிழையை ஊகித்துத் தாண்டிவிடுவார். காதால் கேட்பவருக்கு ஓர் எழுத்து பிசகினாலே சொல் கைநழுவும். போதாக்குறைக்குப் பக்கத் தலைப்பும் எண்ணும் வாக்கியத்தின் நடுவே வந்து விழும் (கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் தாங்காது). ஆகவே மனிதர் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் தன்னார்வலர்கள் செய்வது அதைத்தான். உங்கள் நண்பர் முதலில் அங்கே தேடட்டும்.

பதிப்புரிமை உள்ள நூலென்றாலும் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் லாபநோக்கின்றி மாற்றித்தர 2012 சட்டத்திருத்தம் இடம் தருகிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் பன்னாட்டு மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான்.