மூங்கில் வில்லால் முயல் அடித்தாலும் வழக்கு வருமா?

கேள்வி: நாங்கள் ஜவ்வாது மலையில் வசிக்கும் மலையாளி பழங்குடியினர். என் தம்பிக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறான். தாத்தாவைப் பார்த்துப் பழகியவன், தானே மூங்கிலில் வில் செய்து, போன மாதம் எங்கள் சாமைக் கொல்லையில் மேய்ந்த முயலை அடித்துவிட்டான். கூட இருந்த 22 வயது நண்பன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். இரண்டு நாளில் வனத்துறையினர் வந்து வில், அம்பு, முயலைக் கொண்டுவந்த என் கணவரின் பைக் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். "இருபதாயிரம் கொடுத்தால் முடித்துவிடலாம்" என்கிறார் ஒரு வனக்காப்பாளர். எழுதாத வெள்ளைத் தாளில் தம்பி கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் பட்டா நிலத்தில், எங்கள் கையால் செய்த வில்லால் அடித்தது குற்றமா? பழங்குடிக்கு வேட்டை உரிமை கிடையாதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு, முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தாளில் உங்கள் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளந்த மூங்கில் பட்டை, கற்றாழை நார் முறுக்கிய நாண், பழைய குடைக் கம்பியைத் தட்டிக் கூராக்கிய அம்பு முனை. கைத்திறன் உள்ள பிள்ளை. ஆனால் சட்டம் துப்பாக்கியையும் இந்த வில்லையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் இடத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வலை, கண்ணி, தூண்டில் முள், கத்தி, விஷம் எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. வில்லைச் செய்து வீட்டில் மாட்டி வைப்பதையோ, மரக்கட்டையைக் குறி வைத்துப் பழகுவதையோ இந்தச் சட்டம் தடுக்கவில்லை. வனவிலங்கை நோக்கி அதைத் தொடுத்தால் குற்றம். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் அதை எடுத்துச் சென்றால், ஒரு அம்புகூட விடாவிட்டாலும் குற்றம். 'வேட்டை' என்பதற்கான விளக்கமும் விரிவானது. கொல்வது மட்டுமில்லை, பிடிப்பது, காயப்படுத்துவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். அம்பு தவறிப் போனாலும் தப்பிக்க முடியாது.

பட்டா நிலம் என்ற வாதம் இங்கே நிற்காது. நிலம் உங்களுடையது, அதில் மேயும் முயல் உங்களுடையதாகாது. சட்டத்துக்கு மாறாக வேட்டையாடப்பட்ட விலங்கு மாநில அரசின் சொத்து என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. பயிரைக் காக்க அடித்தான் என்று சொல்லலாமா என்றால், அதுவும் முடியாது. ஒரு மனிதரின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைத் தாக்குவதற்குத்தான் 11-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பயிரை அழிக்கும் விலங்கு என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர் முன்கூட்டியே எழுதித் தரும் அனுமதி வேண்டும்.

இந்தச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முயல் இரண்டாம் அட்டவணையில் வருகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பு அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. இதே அம்பு உடும்பின் மேலோ மயிலின் மேலோ பட்டிருந்தால் நிலைமை வேறு. அவை முதல் அட்டவணை விலங்குகள். குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மலையில் உடும்பு அடிப்பதைச் சின்ன விஷயம் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் மனம் நொந்து கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்கு நிறையத் தந்திருக்கிறது. தேன், மூங்கில் உள்ளிட்ட சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை, மீன் பிடிக்கும் உரிமை, மேய்ச்சல் உரிமை எல்லாம் உண்டு. அதன் 3(1)-ஆம் பிரிவின் கடைசிப் பகுதிகளில் ஒன்று, பட்டியலில் வராத மரபுரிமைகளையும் பொதுவாக அங்கீகரிக்கிறது. ஆனால் அதே வாக்கியம், வனவிலங்கை வேட்டையாடும், கண்ணி வைக்கும் மரபுரிமையைத் தவிர என்று முடிகிறது. தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்த மக்களின் ஒரு பழக்கம் அந்த ஒரு வரியில் குற்றமாகவே நின்றுவிட்டது. இது எனக்கும் வருத்தம் தருகிறது. ஆனாலும் அந்த உரிமை இருப்பதாக நீதிமன்றத்தில் வாதாடலாம் என்று உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். வன உயிரினச் சட்டம் பழங்குடிகளுக்கு வெளிப்படையாக விட்டுக்கொடுத்திருப்பது நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்குத்தான். 1967-ஆம் ஆண்டு அறிவிக்கை அவர்களுக்குக் கொடுத்த வேட்டை உரிமையை 65-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. கோயில் பாரிவேட்டை என்று முயலுக்குப் போகும் ஊர்களுக்கும் இந்தச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை.

சரி, தம்பியை எப்படிக் காப்பது? அவனுடைய வயதுதான் இங்கே பெரிய துணை. சம்பவம் நடந்த நாளில் 18 நிறையவில்லை என்றால், அவன் வழக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் கீழ் வரும். அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போதும். அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ள குற்றத்தை அந்தச் சட்டம் சிறு குற்றம் என்கிறது. அப்படிப்பட்ட விசாரணையை நான்கு மாதத்தில், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் விசாரணையே கைவிடப்படும். குற்றம் உறுதியானாலும் தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவனுக்குக் கிடையாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. படிப்பு, வேலை எல்லாம் போச்சு என்று அம்மா அழுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நண்பனுக்கு 22 வயது என்பதால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவன் தனியாக ஒரு வக்கீலைப் பார்த்து, முன்ஜாமீன் தேவையா என்று உடனே கேட்க வேண்டும். ஸ்டேட்டஸ் படத்தையும் போனையும் இனி அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே போயிருக்கும். சாட்சியத்தை அழித்தான் என்று இன்னொரு வழக்கும் சேர்ந்துவிடும்.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். வனத்துறை அலுவலர் போலீஸ் இல்லை. அவரிடம் எழுதிக் கொடுத்ததை அந்தக் காரணம் சொல்லி எளிதாகத் தள்ளிவிட முடியாது. வெள்ளைத் தாள் நாளைக்கு என்னவாக வேண்டுமானாலும் மாறும். முயல் என்று எழுத வேண்டிய இடத்தில் உடும்பு என்று எழுதினால் என்ன செய்வீர்கள்?

பணம் கட்டி முடித்துக்கொள்வது சட்டத்திலேயே இருக்கிறது. 54-ஆம் பிரிவில் அதற்கு இணக்கத் தீர்வு என்று பெயர். ஆனால் அதைச் செய்யும் அதிகாரம் வனக்காப்பாளருக்கோ ரேஞ்சருக்கோ இல்லை. துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் செய்ய முடியும். எழுத்தில் உத்தரவும் ரசீதும் வேண்டும். அப்படிக் கட்டினால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது. வனக்காப்பாளர் கையில் கொடுக்கும் இருபதாயிரத்துக்கு இந்தப் பலன் எதுவும் இல்லை. பணமும் போகும், வழக்கும் வரும். இந்த வழியில் போவதா, குழுமத்தில் விசாரணையைச் சந்திப்பதா என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தம்பியின் வயதைப் பார்த்தால் விசாரணைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பைக்கைப் பறிமுதல் செய்த உடனேயே அது அரசாங்கச் சொத்தாகிவிடாது. மத்தியப் பிரதேச அரசு எதிர் மதுக்கர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாக்கியது. வழக்கு நடக்கும்போதே வண்டியை இடைக்காலமாக விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கணவர் ஆர்.சி. புக்கோடு, புதிய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவில் மனுப் போடலாம். பறிமுதல் செய்ததற்கு ஏதாவது தாள் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால், வண்டி எண், எடுத்துச் சென்ற நாள், நேரம், வந்தவர்கள் யார் என்பதையெல்லாம் எழுதி, மாவட்ட வன அலுவலருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் இன்றைக்கே அனுப்புங்கள். பணம் கேட்டதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு யோசிக்க வேண்டாம். பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்கு நேராகப் போங்கள். தம்பியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆர்.சி. புக், தபால் ரசீது நான்கையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குள் வனத்துறையினர் மறுபடி வந்தால், "வக்கீல் மூலம் வருகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். தம்பியை மட்டும் பெரியவர் துணையில்லாமல் அவர்களோடு அனுப்பாதீர்கள்.