வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்:

"நான் தூத்துக்குடிக்காரி. 2009இல் அங்கே எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கணவர் டர்பனில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு பெண்ணோடு உறவு இருந்தது, ஒரு குழந்தையும் உண்டு. அதை அவரும் மாமியாரும் மறைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் மாமா ஏதோ சொன்னார். ஆனால் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தாயிற்று, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. மாமியார் செய்த கொடுமைக்கு அளவில்லை, என் நகைகளும் அவரிடம்தான். நான் ஆசிரியை, இங்கே வந்தபின் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பிள்ளைகள். இந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபையே அறிவிக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டிய நியாயம். மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்கு மனுப் போக முதலில் கோர்ட் விவாகரத்து வேண்டும் என்கிறார்கள். கணவரின் அட்டர்னி ஒரு சமரச ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்: ஒருவரிடம் ஒருவர் ஜீவனாம்சம் கேட்கக் கூடாது, அவரவர் பெயரில் இருப்பது அவரவருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடியுமாம். பணம் எனக்குப் பெரிதில்லை. போட்டுவிடலாமா? பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா? அதுவரை நான் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?"

சகோதரி, போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி மாமியாரைப் பற்றியது. அந்த வேதனையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இங்கே விவாகரத்து கிடைக்க, திருமணம் இனிச் சேராதபடி முறிந்துவிட்டது என்று காட்டினாலே போதும். 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் அதற்கு மேல் கேட்பதில்லை. திருச்சபைத் தீர்ப்பாயமோ, நீங்கள் இருவரும் பலிபீடத்தின் முன் சம்மதம் சொன்னபோது அந்தச் சம்மதம் முழுமையாக இருந்ததா என்பதைத்தான் விசாரிக்கும். பிறகு வந்த கொடுமைகள் அதற்கு ஓரளவு சாட்சியாகலாம், காரணமாக முடியாது. நகையைச் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாக எழுதுங்கள். மாமியாரை இத்தோடு விட்டுவிடலாம்.

உங்கள் சிறு கேள்விகளுக்கு முதலில் பதில். திருச்சபைத் தீர்ப்பு எப்படி வந்தாலும் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. திருச்சபைச் சட்டத்தின் 1137ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. விவாகரத்து ஆனதால் மட்டும் நன்மை வாங்கத் தடையில்லை. மறுமணம் செய்துகொண்டால்தான் அந்தப் பிரச்சினையே எழும். திருமணம் செல்லாது என்று கேட்கக் காலக்கெடுவும் கிடையாது. அடுத்த வருடமும் கேட்கலாம், ஐந்து வருடம் கழித்தும் கேட்கலாம். 2015இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, சாதகமான தீர்ப்பு ஒன்றே போதும், மேல்முறையீடு இல்லாவிட்டால் இரண்டாவது தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆக, இந்த அவசரம் உங்களுடையது அல்ல. வெள்ளிக்கிழமை என்ற நாளைக் குறித்தவர் எதிர்த்தரப்பு அட்டர்னி.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். அதைத் தீர்ப்பாயத்துக்குப் போக வாங்கும் டிக்கெட் என்று நினைக்கிறீர்கள். தீர்ப்பாயம் பார்ப்பது விவாகரத்துத் தீர்ப்பை. அதற்குள் ஜீவனாம்சம் உண்டா இல்லையா என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. உங்களுக்கோ வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மனைவிக்கான ஜீவனாம்சத்தை விவாகரத்துத் தீர்ப்பு தரும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அன்றைக்கு இல்லையென்றால் அப்புறம் எந்த நீதிமன்றமும் புதிதாகத் தர முடியாது. ஏற்கெனவே ஒரு தொகை எழுதியிருந்தால், தக்க காரணம் காட்டி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். எழுதவே இல்லையென்றால் கூட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இதில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பக்தியுள்ள பெண்கள். "அவர் காசு எனக்கு வேண்டாம், கோயில் தீர்ப்பு வந்தால் போதும்" என்று கையெழுத்துப் போட்டவர்கள். கோயில் தீர்ப்பும் வந்தது, மனசும் ஆறியது. பிறகு இடுப்பு வலியோ கர்ப்பப்பை ஆபரேஷனோ வந்து, வேலைக்குப் போக முடியாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது நான் சொல்ல முடிந்ததெல்லாம் "காலம் கடந்துவிட்டதம்மா" என்பதுதான். திருச்சபைத் தீர்ப்பிலேயே, ஒருவருக்கொருவரும் பிள்ளைகளுக்கும் உள்ள கடமைகளை நினைவூட்டி எழுதுவார்கள். ஆனால் அதைக் கொண்டு ஒரு ராண்ட்கூட வசூலிக்க முடியாது.

பிள்ளைகளின் ஜீவனாம்சம் வேறு விஷயம். அதை நீங்களே விட்டுக்கொடுத்தாலும் சட்டம் ஏற்காது. பறிபோவது உங்கள் பங்குதான்.

"அவரவர் பெயரில் இருப்பது அவரவருக்கு" என்ற வரி இதைவிட மோசம். கல்யாணம் தூத்துக்குடியில் நடந்ததால் இங்கே எதிலும் உரிமையில்லை என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. சொத்து விஷயத்தில் இங்குள்ள நீதிமன்றங்கள் கல்யாணம் எங்கே நடந்தது என்று பார்ப்பதில்லை. கல்யாணத்தின்போது கணவரின் நிரந்தரக் குடியிருப்பு எந்த நாட்டில் இருந்ததோ அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்கின்றன. உங்கள் கணவர் டர்பன்காரர். கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இது கூட்டுச் சொத்துத் திருமணம். வீடு அவர் பெயரில் இருந்தாலும் பாதி உங்களுடையது. கடன் இருந்தால் அதுவும் கூட்டுச் சொத்தின் மேல்தான், அதனால் அவருடைய கடன் விவரங்களையும் எழுத்தில் கேளுங்கள்.

துறைமுகத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவரின் ஓய்வூதிய நிதிதான் வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்தாக இருக்கும். அந்த ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விவாகரத்துத் தீர்ப்பில் அந்த நிதியத்தின் பெயரைக் குறிப்பிட்டு, இத்தனை சதவீதத்தை மனைவிக்குக் கொடு என்று எழுதினால்தான் நிதியம் உங்களுக்கு நேரடியாகத் தரும். இல்லையென்றால் முன்னாள் கணவரின் பின்னால் அலைய வேண்டியதுதான். 2024 செப்டம்பர் முதல், அவர் வேலையில் இருக்கும்போதே வரியாண்டுக்கு ஒரு முறை அந்த நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து பணம் எடுக்க முடிகிறது. ஆகவே வழக்குத் தொடங்கியதும் அதை உங்கள் அட்டர்னி மூலம் நிதியத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வரும்வரை எதை வைத்துச் சாப்பிடுவது என்ற பயம்தான் பலரைக் கையெழுத்துப் போட வைக்கிறது. வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவில் ஒரு பங்கும் கேட்கலாம். உயர் நீதிமன்றமானால் விதி 43, ரீஜினல் கோர்ட்டானால் விதி 58. இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டுப் போன ஒரு வரி உண்டு: "முந்தின வாரம் என் மாமா ஏதோ சொன்னார்." மாமா என்ன சொன்னார் என்பதை யோசித்து வையுங்கள். சம்மதம் வாங்குவதற்காக ஏமாற்றி மறைத்தார்கள் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1098ஆம் பிரிவு சொல்லும் காரணம். தெரிந்தே சம்மதித்திருந்தால் அந்தக் காரணம் நிற்காது. ஓலை வாசித்தாயிற்று, இனிப் பின்வாங்கினால் குடும்ப மானம் போய்விடும் என்று மிரட்டித் தள்ளினார்கள் என்றால் அது 1103ஆம் பிரிவு, கதையே வேறு. கோர்ட்டில் "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று சத்தியம் செய்துவிட்டு, தீர்ப்பாயத்தில் "தெரிந்தும் பயத்தில் சம்மதித்தேன்" என்று எழுதினால் இரண்டு இடத்திலும் உங்கள் சொல் மதிப்பிழக்கும். தீர்ப்பாயத்தில் சொல்வது ரகசியமாகவே இருக்கும் என்றும் நம்பாதீர்கள். அங்கே உங்கள் கணவருக்கும் அழைப்புப் போகும், சாட்சியங்களைப் படிக்க அவருக்கு உரிமை உண்டு. குருவானவரிடம் சொன்னது என்பதால் மட்டும் இந்த நாட்டுச் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருவதில்லை. ஒரு போதகரின் வழக்கில் 1976லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கோர்ட் வழக்கு முடிந்த பிறகு திருச்சபை மனுவை எழுதுங்கள், ஆற அமர எழுதுங்கள்.

இதை ஊரில் தூத்துக்குடி மறைமாவட்டத்திலேயே தொடங்கினால் எல்லாம் சேர்ந்து முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். திருமணம் நடந்த இடத்துத் தீர்ப்பாயத்துக்கும் அதிகாரம் உண்டு, இருவரும் குடியிருக்கும் டர்பன் தீர்ப்பாயத்துக்கும் உண்டு. ஆனால் எங்கே வாங்கினாலும் அது திருச்சபைக்குள் மட்டுமே செல்லும். இந்தியாவிலும் உச்ச நீதிமன்றம் 1996இலும் 2017இலும் அதைத்தான் சொன்னது.

சண்டை போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சமரசம் செய்துகொள்ளுங்கள், அதுதான் என் ஆலோசனை. சிலர் கூட்டுச் சொத்தில் உங்கள் கணவரின் பங்கையே பறிமுதல் செய்யக் கேளுங்கள் என்று உசுப்பேற்றுவார்கள். அவரே சம்பாதித்துச் சேர்த்ததை அவரிடமிருந்து பறிக்க விவாகரத்துச் சட்டத்தின் பறிமுதல் பிரிவு உதவாது, உங்கள் வழக்குச் செலவுதான் ஏறும். வீட்டில் பாதி, ஓய்வூதியத்தில் பாதி, நீங்கள் மறுபடி ஆசிரியையாக வேலைக்குத் தகுதி பெறும்வரை மூன்று வருட ஜீவனாம்சம் என்று கேளுங்கள். அவர் மறுத்தால் மாதம் ஒரு ராண்ட் என்றாவது எழுதி வாங்குங்கள். நீதிமன்றம் அதைத் தாராளமாகத் தராது, ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் எழுதலாம். ஒரு ராண்டானாலும் பின்னால் கூட்டிக் கேட்க வழியிருக்கும். "இந்தத் தொகையைப் பிறகு மாற்றக் கூடாது" என்ற வரி எங்காவது வந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் அவருடைய அட்டர்னிக்கு நீங்களே இரண்டு வரி எழுதலாம்: ஒப்பந்தம் கிடைத்தது, என் அட்டர்னியிடம் காட்டிய பிறகே பதில் தருவேன். அதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள், தொலைபேசியிலும் பேசாதீர்கள். நிரந்தர வசிப்புரிமைச் சான்றிதழில் உள்ள தேதியையும் பாருங்கள். துணைவி என்ற முறையில் கிடைத்த உரிமையானால், அது வழங்கிய இரண்டு ஆண்டுக்குள் உறவு முறிந்தால் ரத்தாகிவிடும். அந்த இரண்டு ஆண்டு இன்னும் முடியவில்லையென்றால், விவாகரத்து மனுவில் எதையும் நிரப்புவதற்கு முன் அந்தச் சான்றிதழோடு ஓர் அட்டர்னியைப் போய்ப் பாருங்கள்.