நகை: கேட்டதும் சொன்னதும்

பாட்டியின் கெம்புக்கல் அட்டிகையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். ஐந்து கற்கள் கறுத்துவிட்டன. கல் போலியா?
– வாசகி, கும்பகோணம்

போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கறுத்தது பெரும்பாலும் கல்லுக்கு அடியில் இருக்கும் தகடுதான். பழைய அட்டிகை, மாங்காய் மாலையில் கல்லின் பின்பக்கம் மூடியே இருக்கும். தங்கக் கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, மேலே மெல்லிய தகடு வைத்து, கல்லை உட்காரவைத்து விளிம்பை மடக்கிவிடுவார்கள். கெம்பின் ஜொலிப்பில் பாதி அந்தத் தகட்டின் உபயம். விளிம்பு வழியாக ஈரம் இறங்கினால் தகடு கறுக்கும், கல் உயிரில்லாமல் தெரியும்.

கறுத்த கற்களை மட்டும் கழற்றித் தகடு மாற்றக் கல் பதிப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் கற்களை எண்ணி, இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையை எழுதி வாங்குங்கள். எங்காவது பற்றவைக்க வேண்டியிருந்தால் அருகிலுள்ள கற்களை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். சூட்டில் அரக்கு இளகிக் கல் உதிர்ந்துவிடும். இனி உலர்ந்த பருத்தித் துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். முத்துத் தொங்கல் இருந்தால் புளி, எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். புளிப்பு முத்தை அரிக்கும்.

காசு மாலைக்கும் இதேதானா?
– வாசகர், காரைக்குடி

கல் இல்லாததைத் தாராளமாகக் கழுவலாம். நான்கைந்து பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அந்த நீரில் தேய்த்து அலசி, நன்றாக உலர்த்துங்கள். கொக்கியை ஒட்டிய வளையங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். மாலையின் பாரம் அங்கேதான் இழுக்கும், தேய்ந்து அறுவதும் அங்கேதான். கடையில் அமிலப் பாலிஷ் போட்டால் தங்கமும் கொஞ்சம் கரையும். கண்ணெதிரே முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள்.

பழைய அட்டிகையை விற்கப் போனால், 48 கிராமில் 9 கிராம் கழிக்கிறார்கள். நியாயமா?
– வாசகி, மதுரை

கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பது நியாயம். கண்மதிப்பில் கழிப்பது நியாயமல்ல. 6 பவுன் நகை 39 கிராமாகி 5 பவுனுக்கும் கீழே வந்துவிடுகிறதே! இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும், அதனால் பின்பக்கம் பல இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹால்மார்க் இல்லையே என்று தயங்க வேண்டாம். அந்தக் கட்டாயம் விற்கும் கடைக்காரருக்குத்தான். புதிதாகக் குந்தன், ஜடாவ் என்ற வடநாட்டுக் கல் பதித்த நகைகள் வாங்கினால் அவற்றுக்கு ஹால்மார்க் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே நிகரத் தங்க எடையையும் கல் எடையையும் பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.