தறிக் கணக்கும் மாதக் கணக்கும்

கேள்வி: அக்கா, சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறோம். பாவு வருவது, துணி போவது, கூலி பாக்கி எல்லாம் என் மனைவிதான் பார்க்கிறாள். ஆனால் மாதத்தில் சில நாள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். மாதச் சுழற்சிக்குத் தகுந்தபடி பெண்களின் மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதியே மாறுகிறது என்று படித்தேன். கணக்கை அண்ணனிடம் மாற்றிவிடலாமா?
— வாசகர், கருமத்தம்பட்டி

பதில்: வேண்டாமுங்க தம்பி. நீங்கள் படித்தது சரி, அதை வைத்து நீங்கள் எடுக்கப் போகும் முடிவுதான் தப்பு.

நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்று மூளையின் உள்ளே ஒரு பகுதி இருக்கிறது. பிடித்தது கிடைக்கப் போகிறது என்றால் நம்மை எழுந்து ஓடவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இதைப் பெண் எலிகளில்தான் சோதித்தார்கள், அவற்றுக்குச் சுழற்சி நான்கைந்து நாள்தான். அந்த நாட்களில் இந்தப் பகுதியின் நரம்பணுக்களில் தனித்தனியாக நுண்ணிய மின்முனையை வைத்துப் பார்த்தார்கள், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2018இல் வெளியானது. மற்ற நரம்பணுக்களிடமிருந்து வரும் தூண்டலும் மாறுகிறது, அந்த அணு எவ்வளவு சுலபமாகத் துடிக்கும் என்பதும் மாறுகிறது. சினைப்பையை எடுத்துவிட்டால் ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் இருந்த வித்தியாசமே காணாமல் போகிறது. ஆக, காரணம் ஹார்மோன்தான், அதில் சந்தேகமில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறும்போது, ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் சுரப்பு கூடுவதையும் எலிகளில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் 2007இல் செய்த மூளைப் படச் சோதனையில், பரிசு வரப்போகிறது என்று காத்திருக்கும்போது எழும் துடிப்பு சுழற்சியின் முதல் பாதியில் கூடுதலாகத் தெரிந்தது.

சரி, இதில் எங்கே கணக்குத் தப்புகிறது? இந்தச் சோதனைகள் எதுவும் கூட்டல் கழித்தலைப் பார்க்கவே இல்லை. ஆரோக்கியமான மூளை உடம்போடு பேசிக்கொண்டே இருக்கும் என்றுதான் அவை சொல்கின்றன. உங்களுக்கும் ஹார்மோன் ஏறி இறங்குகிறது தம்பி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். அதற்காக ராத்திரி ஷிஃப்டில் தறி ஓட்டாதீர்கள் என்று யாராவது சொன்னார்களா?

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பெண் எலிக்கு ஹார்மோன் மாறும், முடிவு குழம்பும் என்று சொல்லியே ஆராய்ச்சிக்காரர்கள் வெகுகாலம் ஆண் எலிகளையே வைத்து வேலை செய்தார்கள். 2009இல் வந்த நரம்பியல் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தபோது, பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று என்றால் ஆணை மட்டும் வைத்துச் செய்தது ஐந்தரை. அப்புறம் 2014இல் 293 கட்டுரைகளைச் சலித்துப் பார்த்தார்கள். பெண் சுண்டெலிகளின் அளவுகள் ஆண்களுடையதைவிட அதிகம் ஏறி இறங்கவில்லை. இத்தனை வருடம் ஒதுக்கிவைத்த காரணமே நிற்கவில்லை, பாருங்கள்.

ஒதுக்குவது நமக்கும் புதிதில்லை. என் அம்மா 'தூரம்' என்று அந்த மூன்று நாளும் மாட்டுக் கட்டுத்தாரை ஓரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார், தட்டும் டம்ளரும் தனி. அந்த நாளில் மஞ்சள் எடை போட ஆள் வந்துவிட்டால் அப்பா வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு மூட்டையின் எடையையும் சத்தமாகச் சொல்வார், அம்மா அங்கிருந்தே மனக்கணக்காகக் கூட்டிச் சொல்வார், அப்பா அதைத்தான் நோட்டில் எழுதுவார். ஒரு கிலோ முன்னே பின்னே போனதில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டு நோட்டையும் எடுத்துப் பாருங்கள். அம்மணி எரிந்து விழுந்த நாட்களில் எழுதிய பக்கத்தில் பாவு எடையோ மீட்டரோ தப்பியிருக்கிறதா? அதைப் பார்க்காமல் அண்ணனைக் கூப்பிடாதீர்கள்.

அவர் படும் பாடு நிஜம்தான், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை வந்து, உதிரம் வந்ததும் விலகுகிறது என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. கடுமையாக இருந்தால் அது மருத்துவ நூல்களில் பெயர் உள்ள நோய், அவருடைய குணக்கேடு இல்லை. இரண்டு மாதம் காலண்டரில் தேதி குறிக்கச் சொல்லுங்கள், அதை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். இரத்தசோகையும் தைராய்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவரைத் தனியாக பஸ் ஏற்றிவிடாமல் நீங்களும் கூடப் போங்கள், அந்த ஒரு ஷிஃப்டுக்குத் தறியை உங்கள் அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.