கட்டணம், கடன், மானியம்: வாசகர் கேள்விகள்

கே: ஜெர்மனியில் பட்டப்படிப்பு முழுக்க இலவசம்தானே?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆம். கடைசியாக வசூலித்த லோயர் சாக்சனி மாநிலமும் 2014-இல் கட்டணத்தைக் கைவிட்டது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு ஏறக்குறைய 12,000 யூரோ கையிருப்பும் காட்டச் சொல்வார்கள். யாருக்கு, எந்த ஆண்டில் என்று பார்க்காமல் ‘இலவசம்’ என்று எழுதாதீர்கள்.

கே: நார்வே?

ஒற்றைச் சொல்லில் கேட்டால் பதிலும் சுருக்கம்தான். 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. ஸ்வீடன் 2011-லேயே தொடங்கிவிட்டது, பின்லாந்து 2017-இல்.

கே: இங்கிலாந்தில் மாணவர்கள் 50,000 பவுண்டு கடனோடு வெளியே வருகிறார்களாமே. கட்ட முடியாவிட்டால் வீடு ஜப்தியா?

வங்கிக் கடனையும் அரசு தரும் இந்தக் கல்விக் கடனையும் போட்டுக் குழப்புவதை எத்தனை முறை திருத்துவது? 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்த உள்நாட்டு மாணவர், ஆண்டு வருமானத்தில் 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதியில் மட்டும் 9 சதவீதம் கட்டுகிறார். 30,000 சம்பளம் என்றால் மாதம் 37 பவுண்டு. வரியோடு சேர்த்துச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வேலை போனால் பிடித்தமும் நிற்கும். 40 ஆண்டுகளில் தீராத பாக்கி தள்ளுபடி, அதாவது அரசின் தலையில். ஆஸ்திரேலியா 1989-இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்த ஏற்பாட்டின் வழிவந்ததுதான் இது.

கோளாறே இல்லை என்று சொல்லவில்லை. பெரிய சம்பளக்காரர் சீக்கிரம் அடைத்துவிட்டு வட்டியிலிருந்து தப்புகிறார். ஆசிரியரும் செவிலியரும் பல்லாண்டு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முன்பு 30 ஆண்டாக இருந்த தள்ளுபடிக் காலத்தை 40 ஆக்கியதில் அடிபட்டவர்களும் இவர்களே. இதைக் கேட்டு ஒரு கடிதமும் வருவதில்லை. ஜப்தியைப் பற்றித்தான் வருகிறது. மறுபடியும், யாருக்கு என்று பாருங்கள்: வெளிநாட்டு மாணவருக்கு இந்தக் கடன் கிடையாது.

கே: ஹார்வர்டிடம் 50 பில்லியன் டாலர் இருந்தும் ஏன் கட்டணம்?

அது ஒரே உண்டியல் அல்ல; ஆயிரக்கணக்கான நன்கொடை நிதிகள். பெரும்பகுதியை இன்ன காரியத்துக்கு மட்டும் என்று கொடுத்தவரே கட்டிவைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் எடுத்துச் செலவிடுகிறார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதையும் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

கே: லண்டனில் வசிக்கிறேன். ஸ்காட்லாந்தில் போய்ச் சேர்ந்தால் கட்டணம் மிச்சமா?

மிச்சமில்லை. பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை என்ற அந்தச் சலுகை ஸ்காட்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு. நீங்கள் இங்கிலாந்து அளவுக்கே, ஆண்டுக்குச் சுமார் 9,500 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். உள்ளூர் மாணவருக்கு அரசே பணம் கொடுப்பதால், அவர்களுக்கான இடங்களையும் அரசே அளந்து கொடுக்கிறது. கட்டணம் கட்டி வரும் உங்களுக்கு அந்த வரம்பு இல்லை.