கேள்வி – பதில்: தகட்டில் ஏன் வெண்படிவு?

கேள்வி: நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகட்டில் தண்ணீர் ஒட்டாத படலம் பூச, தொலுயீன் என்ற சேதனக் கரைப்பானில் கரைத்த ஒக்டடெசைல் டிரைகுளோரோசிலேனில் (சுருக்கமாய்ச் சிலேன்) அதை அமிழ்த்தி எடுக்கிறேன். ஓரிடத்தில் தண்ணீர் முத்தாய் நிற்கிறது, பக்கத்தில் வழிந்து போகிறது. மேலே வெள்ளைப் படிவு வேறு. சிலேனைக் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். என்ன பிழை?
– மாணவி, கொக்குவில்

பதில்: கூட்டியது பிழை, பிள்ளை. மூலகாரணம் உங்கள் தொலுயீனுக்குள் இருக்கும் தண்ணீர்.

கண்ணாடியின் மேற்பரப்பு முழுக்க ஐதரொட்சைல் (OH) கூட்டங்கள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் ஒட்டியிருக்கும். சிலேன் மூலக்கூற்றுக்கு ஒரு தலையும், பதினெட்டுக் காபன் கொண்ட நீண்ட வாலும் உண்டு. தலையில் உள்ள மூன்று குளோரினையும் அந்த ஈரம் கழற்றும். பிறகு தலை கண்ணாடியோடும் பக்கத்து மூலக்கூற்றோடும் ஒட்சிசன் வழியே கட்டிக்கொள்ளும். எங்கள் கிளுவை வேலியை நினையுங்கள். வால்களைப் போலக் கதியால்கள் நெருக்கமாய் நிமிர்ந்து நிற்கும், ஒட்சிசன் கட்டுகளைப் போல வரிச்சு அவற்றைப் பக்கவாட்டில் பிடிக்கும். (வேலி சரிந்தால் அயலுக்குள் வழக்கு; அது வேறு கதை.) வால்கள் நிமிர்ந்து நின்றால் படலத்தின் தடிப்பு ஏறக்குறைய 2.6 நனோமீற்றர், நீர்த்துளியின் தொடுகைக் கோணம் (துளியின் ஓரம் தகட்டோடு செய்யும் கோணம்; கூடினால் துளி முத்தாய் நிற்கும்) 110 பாகை அளவில் வரும்.

கண்ணாடியில் கொஞ்சம் ஈரம் வேண்டும். அதே ஈரம் கரைசலுக்குள் கூடினால், சிலேன்கள் தகட்டுக்கு வருமுன்னே தங்களுக்குள் கட்டிக்கொண்டு கட்டிகளாய் வந்து படியும். நான் ஆய்வுகூடத்தில் இருந்த காலத்தில், ஒரு கார்த்திகை மழைநாளில், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சிலேன் போத்தலை அவசரத்தில் உடனே திறந்துவிட்டேன். போத்தல் வாயில் வெண்புகை, அதன் கழுத்துக்குள் நீர் வியர்ப்பு. அதற்குப் பிறகு அந்தப் போத்தலால் பூசிய தகடெல்லாம், எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடி மாதிரித்தான் இருந்தது.

ஆகவே போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறவுங்கள். தொலுயீன் நன்றாக உலர்ந்ததாய் இருக்கட்டும். லீற்றருக்கு 1 மில்லிமூல் சிலேன் போதும். பாத்திரத்தை இறுக மூடுங்கள். முடிந்ததும் புதிய தொலுயீனில் அலசுங்கள். பூசுமுன் தகட்டைப் புற ஊதா ஒளியாலும் ஓசோனாலும் சுத்தம் செய்வது நல்லது. சல்பூரிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் கலந்த கலவையைத் தனியே தொடவே வேண்டாம், சேதனப் பொருள் பட்டால் வெடிக்கும்.

இன்னொன்று. இந்த வால்கள் ஒழுங்காய் அடுக்கி நிற்பது ஏறக்குறைய 28 பாகை செல்சியசுக்குக் கீழேதான். சித்திரை வெயிலில் எங்கள் அறைகளில் அது எங்கே! மூடிய பாத்திரத்தைக் குளிர்நீர்த் தொட்டிக்குள் வைத்து 20 பாகைக்குக் கொண்டுவாருங்கள்.

பூசும் மேற்பரப்பு கண்ணாடி அல்லாமல் அலுமினியம் ஒட்சைட்டு என்றால், சிலேனை விட்டு இதே மாதிரி நீண்ட வாலுள்ள பொசுபோனிக் அமிலத்துக்குப் போகலாம். அது தனக்குள் இப்படிக் கட்டிக்கொள்ளாது, ஈரத்துக்கும் அவ்வளவு பயப்படத் தேவையில்லை.

சரிபார்க்க, நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு துளி வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். ஐந்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சிலேன் போத்தல் கலங்கியிருந்தால் இனி அது உதவாது. அதற்காகக் கழுவு தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், தண்ணீர் பட்டால் அமிலப் புகை கிளம்பும்.