காலையில் ஆறு, மாலையில் ஏரி: ஃபோல்சமில் ஒரு நாள் கயாக்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃபோல்சமுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்றும் ஒற்றைக் கயாக் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை நேட்டோமா ஏரி, சாப்பிட்டுவிட்டு மதியம் ஃபோல்சம் ஏரியில் ஆறு வந்து சேரும் நார்த் ஃபோர்க் கிளைப் பக்கம் என்று திட்டம். மகனுக்கு 11 வயது. சரியாக வருமா?

வரும், ஆனால் வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். நார்த் ஃபோர்க் காலையில், நேட்டோமா அப்புறம்.

காரணம் காற்று. வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும் சமவெளிக் காற்று பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏற ஆரம்பிக்கும், கோடையில் பல நாட்களில் சாயங்காலம் டெல்டா காற்றும் (கடல் பக்கமிருந்து ஆற்று டெல்டா வழியாக உள்ளே வரும் காற்று) இதோடு சேர்ந்துகொள்ளும், இரண்டும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருபவை. நார்த் ஃபோர்க் கிளையோ வடகிழக்காக நீள்கிறது. அதனால் மதியம் கிளம்பினால் போகும்போது யாரோ முதுகில் தள்ளுகிற மாதிரி சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் தெரியும். நானே ஒருமுறை முக்கால் மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க இரண்டரை மணி நேரம் துழாவியிருக்கிறேன், தண்ணீர் குடிக்கத் துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் நகர்கிறது.

நார்த் ஃபோர்க் கரையில் ராட்டில்ஸ்னேக் பார் என்ற படகுத்துறையில் காலை ஏழு மணிக்கெல்லாம் படகை இறக்கி, மேல்நோக்கிப் போங்கள். லேசான நீரோட்டம் எதிரே இருக்கும், திரும்பும்போது அதுவே உதவும். பையனோடு மணிக்கு இரண்டு மைல் போனாலே நல்ல வேகம். ஒன்றேகால் மணி நேரம் ஆனதும், எங்கே இருந்தாலும் சரி, திரும்புங்கள். 'அந்த வளைவு வரைக்கும்' என்று யாராவது ஆரம்பித்தால் காது கொடுக்காதீர்கள். ஓட்டம் சலசலவென்று கேட்கிற இடத்தோடும் நின்றுவிட வேண்டும்: அங்கே கரையோரம் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகள் தண்ணீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கிளையான சவுத் ஃபோர்க்கின் மேல்பகுதி ராஃப்டிங்காரர்களின் இடம், உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கிளம்பும் முன் நீர்மட்டம் பாருங்கள். ஏரி நிறைந்தால் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 466 அடி. மே, ஜூனில் அதற்குப் பக்கத்தில் நின்றாலும் கோடை போகப்போக இறங்கிவிடும், இறங்கினால் படகு இறக்கும் சரிவு வறண்டு நிற்கும், நீங்கள் சேற்றில் கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மாநில நீர்வளத் துறையின் சி.டி.இ.சி. (CDEC) தளத்தில் எஃப்.ஓ.எல். (FOL) என்று தேடினால் அன்றைய அளவு கிடைக்கும். (கடும் வறட்சியில் தங்க வேட்டைக் காலத்து மார்மன் ஐலண்ட் ஊரின் அடித்தளக் கற்கள்கூட வெளியே வந்திருக்கின்றன, ஆனால் அது சவுத் ஃபோர்க் பக்கம்.)

இனி குளிர். வெளியே 95 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும், ஆனால் ஆற்றில் வருவது பனி உருகிய நீர். நேட்டோமாவுக்கு வருவதோ ஃபோல்சம் அணையின் ஆழத்திலிருந்து திறக்கப்படும் நீர், ஜூலையிலும் கை வைத்தால் சுரீரென்று இருக்கும். திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு இழுத்து இழுத்து வரும், நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான். அதனால் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், சீக்கிரம் காயும் துணி போடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் போட்டே ஆக வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம், பெரியவர்களுக்குப் படகில் இருந்தால் போதும். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், விழுந்த பிறகு அதைத் தேடி மாட்ட முடியாது. பையனுக்கு மாட்டியதும் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிய அளவு. கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும்.

முந்தின வாரமே இடுப்பளவு நீரில் படகைக் கவிழ்த்து ஏறிப் பழகுங்கள். பக்கவாட்டிலிருந்து கால்களை உதைத்து, வயிறு படகின் குறுக்கே படும்படி படுத்து, பிறகு மெதுவாகப் புரண்டு உட்கார வேண்டும். முழங்காலை முதலில் போட்டால் படகு மறுபடி கவிழும். ஏற முடியாவிட்டாலும் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள்.

பதினோரு மணிக்குள் கரை. சாப்பாடு, நிழலில் ஒரு தூக்கம். தெம்பு இருந்தால் மாலையில் நேட்டோமாவில் கரையை ஒட்டியே ஒரு மணி நேரம் சுற்றலாம், அங்கே படகுகளுக்கு மணிக்கு 5 மைல்தான் வரம்பு என்பதால் மோட்டார் படகு அலை தொல்லை இல்லை. அங்கே முதலில் காற்றுக்கு எதிராகத்தான் கிளம்ப வேண்டும். பையன் போதும் என்றால் கயாக்கை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம்.